பெரிய பெயர் வாங்காத, ஆனால் நீங்கள் மிகவும் வியந்த உள்ளூர் விளையாட்டு வீரர் யார்?

எங்கள் காசிமேட்டில் கேரம் ஆடிய ஒரு அண்ணன். பெயரைப் பொதுவில் போட வீட்டில் விரும்ப மாட்டார்கள், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. விடியற்காலை வேலை முடித்து வந்து தூங்கி எழுந்தால், சாயங்காலம் மன்றத்து போர்டு முன்னால்தான் இருப்பார்.

வடசென்னை என்றால் வெளியாட்களுக்கு ஃபுட்பாலும் பாக்ஸிங்கும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே கேரம் பைத்தியங்கள் அதிகம். 1991, 1995 என இரண்டு முறை உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர் என்பதில் எங்கள் மன்றத்துக்கே ஒரு கர்வம் உண்டு.

புதிதாக ஆடுகிறவன் ஸ்ட்ரைக்கரைப் படாரென்று அடிப்பான். அண்ணன் அடித்தால் சத்தமே வராது. காயின் குழியில் விழுவதை அவர் பார்க்கவே மாட்டார். அது விழும் என்று அவருக்குத் தெரியும். ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் கண். ஒரு கட் போட்டால், போகிற போக்கில் ஓரமாக ஒட்டிக் கிடக்கும் இன்னொரு காயினையும் தட்டிவிட்டிருப்பார். தன் பக்கம், கோட்டுக்குப் பின்னால் கிடப்பதையெல்லாம் கட்டைவிரலால் சுண்டியே எடுப்பார். ரெட்டுக்கு, அதாவது அந்த ஒற்றைச் சிவப்புக் காயினுக்கு மட்டும், அவசரமே படமாட்டார். ஃபாலோவுக்கு (ரெட் போட்டதும் அடுத்து போட வேண்டிய தன் காயின்) ஒரு காயின் குழியோரம் தயாராக நின்றால்தான் ரெட்டைத் தொடுவார்.

அப்புறம் அந்தப் பொங்கல் டோர்னமென்ட். மன்றத்து ஆட்டத்துக்கு அம்பயர் ஏது? ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டபடி இருக்க வேண்டும் என்பது விதி; நூலளவு விலகினால் அடிக்கிறவனுக்குத் தவிர யாருக்கும் தெரியாது. ஃபைனலில் கடைசி போர்டு. ரெட் யாருக்கோ அவருக்குத்தான் கப். அண்ணன் ரெட்டைப் போட்டார், ஃபாலோவும் போட்டார், கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. அவர், "ஃபவுல் நைனா, ஃபாலோ அடிக்கும்போது மேல்கோடு தொடல" என்று சொல்லி, ரெட்டையும் அந்தக் காயினையும் எடுத்து, ஃபவுலுக்கு அபராதமாக, மைனஸுக்கு இன்னொரு காயினும் சேர்த்து, எதிரே இருந்த பையன் கையில் கொடுத்து நடுவில் வைக்கச் சொன்னார்.

தோற்றார். எங்கள் தெரு ஆட்கள் கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. (எனக்கும் கடுப்புதான்.) அவரோ ஜெயித்த பையனையே மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, "உன் கட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஸ்ட்ரைக்கர் எங்க போவுதுன்னு பாரு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

2024இல் நம்ம வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது அண்ணன் இல்லை. இருந்திருந்தால் அந்த ஆட்டங்களை யூடியூபில் தேடிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி நிறுத்தி எங்கள் உயிரை எடுத்திருப்பார்.