அன்னோன் மைனர் உங்க காயினைத் தூக்க மாட்டான், அந்த டெலிகிராம் அட்மின் தூக்கிடுவாரு

கேள்வி: வணக்கம் சார். கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். கொஞ்சம் பிட்காயின், 60 எத்தீரியம் கிளாசிக், ரெண்டும் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச்ல இருக்கு. மொனேரோங்கிற காயினோட மைனிங்க ஒருத்தன் பாதிக்கு மேல பிடிச்சுட்டான், அடுத்தது எத்தீரியம் கிளாசிக்தான்னு வீடியோ போட்டு பயமுறுத்துறாங்க. மைனிங் சார்ட்டப் பாத்தா 'அன்னோன்'னு ஒரு துண்டு வேற இருக்கு, யாரு என்னன்னே தெரியல. நான் இருக்கற டெலிகிராம் குரூப் அட்மின் அண்ணன், எல்லாத்தையும் அவர் செட் பண்ணித் தர்ற சேஃப் வாலட்டுக்கு மாத்திடு, 2% ஃபீஸ்தான்னு சொல்றாரு. மாத்திடட்டுமா?

பதில்: வணக்கம். மாத்தாதீங்க. இப்போதைக்கு எதையும் தொடாதீங்க, அந்த அட்மினுக்கு பதில்கூட போடாதீங்க. காரணத்த சொல்றேன், கணக்கு வழக்கு பாக்குற ஆளு, புரியும்.

மைனர்ங்கிறவன் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல புக்கு எழுதுற கிளார்க் மாதிரி. ஆபீஸ்ல முக்கால்வாசி கிளார்க்கும் ஒரே ஆளோட ஆளுங்கன்னு வைங்க, கடைசியா எழுதின நாலு பக்கத்தக் கிழிச்சுட்டு வேற மாதிரி திருப்பி எழுதலாம், உங்க பத்திரத்த இன்னிக்கு பதிய மாட்டேன் நாளைக்கு வான்னு அலைய விடலாம், ஆனா உங்க நிலத்த அவன் பேருக்கு எழுதணும்னா உங்க கையெழுத்து வேணும், அது அவன்கிட்ட இல்ல. கிரிப்டோல அந்த கையெழுத்துதான் பிரைவேட் கீ. 51 இல்ல, 90 சதவீதம் ஹேஷ்ரேட் (மைனிங் மிஷினோட மொத்த பலம்) வெச்சிருந்தாலும் உங்க வாலட்லருந்து ஒரு பைசா நகர்த்த முடியாது. இல்லாத காயின உருவாக்கவும் முடியாது, அப்படி ஒரு பிளாக் (ரிஜிஸ்டர்ல ஒரு பக்கம் மாதிரி) போட்டா மத்த கம்ப்யூட்டர் எல்லாம் அத ஏத்துக்காது. அவனால முடிஞ்சது ரெண்டுதான், மத்தவங்க அனுப்புறத ஏத்தாம இழுத்தடிக்கறது, இல்லன்னா இப்பதான் அவன் ஒருத்தருக்கு அனுப்பின பணத்த, அனுப்பவே இல்லைன்னு மாத்தி எழுதுறது.

இந்த 'அன்னோன்' துண்டப் பத்தி. எல்லாரும் அத ஒரு முகமூடி போட்ட ஆள்னு நினைச்சுக்கறாங்க. ஏதாவது பிளாக் எக்ஸ்புளோரர்ல (பிளாக்கெல்லாம் காட்டுற வெப்சைட்) போய் ஒரு பிட்காயின் பிளாக்கத் திறந்து முதல் டிரான்சாக்‌ஷனப் பாருங்க, மைனருக்கு 3.125 காயின் புதுசா வர்றது அதுலதான், அதுக்குள்ள சின்னதா ஒரு இடம் இருக்கும், அங்க ஃபவுண்ட்ரி, ஆன்ட்பூல், வியாபிடிசின்னு பூல்காரங்க (பல மைனரச் சேத்து நடத்துறவங்க) அவங்க பேரப் பொறிச்சு வெப்பாங்க. சார்ட் போடுற வெப்சைட் முக்கியமா அந்தப் பேரப் பாத்துத்தான் பிரிக்குது. பேர் எழுதாத, அடையாளம் தெரியாத பிளாக்கெல்லாம் ஒரே மூட்டையா கட்டி அன்னோன்னு போட்டுடுவாங்க. அதுல ஒருத்தன் இருக்கலாம், பத்து பேர் இருக்கலாம், பேர் எழுதப் பிடிக்காத பெரிய கம்பெனியும் இருக்கலாம். எழுதியிருக்கற பேர் உண்மைன்னும் உத்தரவாதம் இல்ல, அங்க என்ன வேணா எழுதலாம். 2009 ஜனவரி 3ல முதல் பிளாக் போட்ட சடோஷி யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது, அந்த முதல் வருஷம் நெட்வொர்க்க ஓட்டினதே பெரும்பாலும் அந்த ஒரே ஆள்தான், செர்ஜியோ லெர்னர்னு ஒரு ஆய்வாளர் பிளாக்கெல்லாம் அலசி அந்த ஆள்கிட்ட சுமார் 11 லட்சம் காயின் இருக்கும்னு கணக்கு சொன்னாரு. அவ்ளோ பெரிய அன்னோன் மைனர் இருந்தும் அந்த ஆளால யார் காயினும் காணாமப் போகல.

நிஜமா பாதியத் தாண்டி எல்லாரையும் கலங்கடிச்சவன் பேர் தெரிஞ்ச ஆளுதான். 2014 ஜூன்ல ஜிஹேஷ்ங்கிற பூல் பிட்காயின்ல 50 சதவீதத்தத் தாண்டுச்சு, பின்னாடி இருந்த எக்ஸ்சேஞ்ச் பேர் ஊருக்கே தெரியும், மைனருங்க கத்தி கிளம்பிப் போனாங்க, அப்புறம் 40 சதவீதத்துக்குள்ள நிறுத்திக்கறோம்னு அவங்களே சொல்ல வேண்டியதாச்சு. நீங்க பாத்த மொனேரோ கதையும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட்ல கியூபிக்னு ஒரு புராஜக்ட், மொனேரோவ மைன் பண்றவங்களுக்கு தன்னோட காயின்ல கூடுதலா கூலி குடுத்து ஆள் சேத்துச்சு, பாதிக்கு மேல வந்துட்டோம்னு அவங்களே தண்டோரா போட்டாங்க. இது ஒளிஞ்சு செய்யுற திருட்டே இல்ல, விளம்பரம். பிளாக்க எண்ணிப் பாத்தவங்க, அவ்ளோ பங்கெல்லாம் தொடர்ந்து இல்லவே இல்லன்னு மறுத்தாங்க.

ஆனா செப்டம்பர் 14ஆம் தேதி மொனேரோல 18 பிளாக் அழிஞ்சு வேற மாதிரி எழுதப்பட்டுச்சு. அங்க ஒரு பிளாக்குக்கு 2 நிமிஷம், ஆக சுமார் 36 நிமிஷம் நடந்த வியாபாரம் தலைகீழ். நூத்துச் சொச்சம் டிரான்சாக்‌ஷன் செல்லாமப் போச்சு. அதனால 51ங்கிற நம்பர்ல ஏதோ மந்திரம் இருக்குன்னு நினைக்காதீங்க, 49ல இருந்தா சாமி காப்பாத்தும் 51ல குடி முழுகிடும்னு வீடியோக்காரன் சொல்றது பொய். சடோஷி 2008ல எழுதின கட்டுரையிலயே கணக்கு இருக்கு, 10 சதவீதம் வெச்சிருக்கவன் 6 பிளாக்குக்கு அப்புறம் ஏமாத்த 10,000ல ரெண்டு மூணு வாய்ப்புதான், அதே ஆள்கிட்ட 30 சதவீதம் இருந்தா 5 பிளாக்குக்கு அப்புறமும் 100க்கு 17, 18 வாய்ப்பு இருக்கு. படிப்படியாத்தான் ஏறுது.

உங்க எத்தீரியம் கிளாசிக்குக்கு வருவோம். இதுக்குப் பழைய கேஸ் இருக்கு, மறைக்கல. 2019 ஜனவரில ஒரு தடவ அடி வாங்குச்சு, 2020 ஆகஸ்ட் ஒரே மாசத்துல மூணு தடவ. கடைசித் தடவ 7,000 பிளாக்குக்கு மேல, ரெண்டு நாள் சரித்திரமே மாறிப் போச்சு. அந்த ஆகஸ்ட்ல முதல் தடவ ஓகேஎக்ஸ் எக்ஸ்சேஞ்சுக்கு 56 லட்சம் டாலர் நஷ்டம். அதுக்கு அந்த ஆள் மிஷின் வாங்கவே இல்ல, ஹேஷ்பவர வாடகைக்கு எடுத்தான், ஆராய்ஞ்சவங்க கணக்குப்படி வாடகை 2 லட்சம் டாலர்கூட இல்ல. ஏன் அவ்ளோ சுலபம்னா, அப்ப எத்தீரியமும் கிளாசிக்கும் ஒரே மாதிரி மிஷின்ல ஓடுச்சு, பெரிய செயின்ல (காயினோட நெட்வொர்க்) ஓடுற மிஷின்ல ஒரு துளியத் திருப்பினா சின்ன செயின் காலி. 2018 மேல பிட்காயின் கோல்டுல 1.8 கோடி டாலர் போனதும் இந்த மாதிரி சின்ன செயின்ல நடந்ததுதான். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங்கையே விட்டுடுச்சு, வேலையில்லாம நின்ன மிஷின்ல ஒரு பங்கு கிளாசிக்குக்கு வந்துச்சு, இன்னிக்கு அந்த வகைல அதுதான் பெரிய செயின். முன்ன மாதிரி சல்லிசா வாடகைக்கு எடுத்து அடிக்கறது கஷ்டம். நடக்கவே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ண கவனிச்சீங்களா, இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் அடி வாங்கினது எக்ஸ்சேஞ்ச். காயின டெபாசிட் பண்ணி, வேற காயினா மாத்தி வெளிய எடுத்துட்டு, டெபாசிட்ட அழிக்கறான். சும்மா காயின வெச்சுட்டு உக்காந்திருக்கற உங்கள மாதிரி ஆள் அவன் லிஸ்ட்லயே இல்ல.

ஒரே ஒரு இடத்துல உங்களுக்கும் அடி விழும், அதக் கொஞ்சம் நிதானமா படிங்க. நீங்க காயின வாங்குற நேரம். நேர்ல ஒருத்தர்கிட்ட பிடுபி (ஆளுக்கு ஆள் நேரடி வியாபாரம்) போடுறீங்க, டீக்கடைல உக்காந்து அவர் போன்லருந்து அனுப்புறாரு, உங்க வாலட்ல 'ரிசீவ்டு'ன்னு வருது, கீழ சின்ன எழுத்துல 'பென்டிங்' இல்லன்னா 'அன்கன்ஃபர்ம்டு'ன்னு இருக்கும், அத யாரும் பாக்கறதில்ல, பணத்த எண்ணிக் குடுத்துடுறீங்க. அந்த நேரத்துல அந்தக் காயின் இன்னும் எந்த பிளாக்லயும் ஏறல. அத மாத்த 51 சதவீதமும் வேணாம், மைனரே வேணாம், அனுப்பினவரே ஃபீஸ் கூட்டிப் போட்டு அதே காயின அவர் வேற வாலட்டுக்கே திருப்பிக்கலாம். பிட்காயின்னா பெரிய தொகைக்கு 6 கன்ஃபர்மேஷன் (அந்தக் காயின் ஏறின பிளாக்கையும் சேத்து 6 பிளாக்), ஒரு மணி நேரம், இன்னொரு டீ சொல்லிட்டு உக்காருங்க, அவசரம்ங்கிறவர அனுப்பி வெச்சுடுங்க. சின்ன காயின்னா 6 பத்தாது. கிளாசிக்குக்கு 2020ல அடி வாங்கினப்புறம் காயின்பேஸ் சுமார் ரெண்டு வாரம் காக்க வெச்சாங்க, மொனேரோக்கு 2025ல கிராக்கன் டெபாசிட்ட நிறுத்தி, அப்புறம் 720 கன்ஃபர்மேஷன், அதாவது ஒரு நாள் முழுக்கன்னு திறந்தாங்க. கோடிக்கணக்குல வெச்சிருக்கறவன் ஒரு நாள் காக்குறான், நாம அஞ்சு நிமிஷத்துல பணத்தத் தூக்கிக் குடுத்துட்டு வர்றோம். உங்க எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு காயினுக்கும் எத்தன கன்ஃபர்மேஷன் கேக்குதுன்னு டெபாசிட் பேஜ்ல போட்டிருக்கும். போடலைன்னா சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்க. பதில் வராது, போட்டு வைங்க.

இப்ப அந்த அட்மின் அண்ணன். அவர் செட் பண்ணித் தர்ற வாலட்டோட 12 வார்த்தை, அதாவது பிரைவேட் கீய வார்த்தையா எழுதினது, அவருக்கும் தெரியும், அவ்ளோதான் விஷயம். அந்த 12 வார்த்தை யார்கிட்ட இருக்கோ காயின் அவருது. மைனரால வாங்க முடியாத கையெழுத்த நீங்களே போய் அவர்கிட்ட குடுக்கறீங்க, மேல 2% ஃபீஸ் வேற. மொனேரோ நியூஸ் வந்தா மொனேரோ, நாளைக்கு வேற ஏதாவது வந்தா அது, இவங்களுக்குப் பயம் ஒண்ணு வேணும். இதுக்கு அடுத்த மெசேஜ் என்ன வரும்னும் சொல்லிடறேன்: 'நாமளே மைனர் ஆயிட்டா பயமே இல்ல, நம்ம ஃபார்ம்ல பங்கு வாங்கு.' கிளவுட் மைனிங். கெயின்பிட்காயின்னு ஒண்ணு நாடு முழுக்க நடந்துச்சே, மாசம் 10 சதவீதம், 18 மாசம்னு சொல்லி ஆயிரக்கணக்கான கோடி வாங்கினாங்க, கடைசில பிட்காயின் குடுக்காம அவங்களே அடிச்ச எம்கேப்னு ஒரு டோக்கனக் கைல திணிச்சாங்க, சிபிஐ, அமலாக்கத்துறைன்னு வருஷக்கணக்கா கேஸ் ஓடுது. மாசம் 10 சதவீதம் வர்ற மிஷின் இருந்தா அவன் ஏன் சார் உங்களுக்கு விக்கிறான்?

பயந்துபோய் கிளாசிக்க பிட்காயினா மாத்திடலாம்னு தோணும், அதுலயும் ஒரு பொறி இருக்கு. காயினுக்குக் காயின் மாத்தினாலும் நம்ம சட்டத்துல அது விற்பனைதான். 2022 ஏப்ரல்லருந்து லாபத்துல 30 சதவீதம், அதுமேல செஸ், ஜூலைலருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் 1% டிடிஎஸ். நஷ்டத்துல வித்தா? அந்த நஷ்டத்த எதுலயும் கழிக்க விட மாட்டாங்க. வாங்கறப்ப இவ்ளோ தெளிவா வாங்குற கவர்மென்ட், காயின் போச்சுன்னு போய் நின்னா மட்டும் இது முறைப்படுத்தாத துறை, உங்க ரிஸ்க்குன்னு சொல்லும். 2024 ஜூலைல வாசிர்எக்ஸ்ல 23 கோடி டாலருக்கு மேல திருடு போச்சு, மைனர் யாரும் பண்ணல, வாலட்ட ஹேக் பண்ணாங்க, மொத்த பேருக்கும் வித்ட்ராவல் பூட்டு, விவகாரம் சிங்கப்பூர் கோர்ட்டுக்குப் போச்சு, 2025 அக்டோபர்லதான் திறந்தாங்க. அந்த மாசம்தான் நம்ம சென்னை ஹைகோர்ட் கிரிப்டோவும் சொத்துதான்னு சொல்லுச்சு. வரி வாங்க ஆரம்பிச்சு மூணு வருஷம் கழிச்சு!

அதனால மைனர விட உங்க எக்ஸ்சேஞ்சப் பத்தி யோசிங்க. பிட்காயின் தொகை பெருசா இருந்தா ஒரு ஹார்டுவேர் வாலட் (பிரைவேட் கீய உள்ள வெச்சுக்கற சின்ன மிஷின்) கம்பெனி சைட்லயே வாங்கி, செகண்ட் ஹேண்ட் வேணவே வேணாம், வீட்ல உக்காந்து நீங்களே செட் பண்ணி, முதல்ல கொஞ்சூண்டு அனுப்பிப் பாத்து அப்புறம் மீதிய மாத்துங்க. சொந்த வாலட்டுக்கு மாத்தறது விற்பனை இல்ல, வரி வராது. 60 கிளாசிக் அங்கயே இருக்கட்டும்.

அந்த 2% ஃபீஸ முன்னாடியே அட்மினுக்கு அனுப்பிட்டீங்களான்னு நீங்க எழுதல. அனுப்பியிருந்தா யுடிஆர் நம்பரக் (பணம் அனுப்பினதுக்கு பேங்க் தர்ற நம்பர்) கைல வெச்சுக்கிட்டு இன்னிக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, சாட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறமா குரூப்லருந்து வெளிய வாங்க. முதல்ல வெளிய வந்துட்டா சாட் கிடைக்காமப் போகலாம்.