கார்த்திகை தீபம் தீபாவளியின் தொடர்ச்சியா?

கேள்வி: 'கார்த்திகை தீபத்தின் பொருள் என்ன? தீபாவளிக்குப் பின் வரும் இரண்டாவது விளக்குத் திருவிழா என்று கொள்ளலாமா?'

கொள்ள முடியாது என்பதே என் கருத்து. தீபாவளிக்கு நாம் சொல்லும் காரணம் நரகாசுர வதம். கார்த்திகையில் வதமும் இல்லை, வெற்றிக் கொண்டாட்டமும் இல்லை. பிரமனும் திருமாலும் அடிமுடி தேடிக் காண முடியாதபடி சிவபெருமான் அழல் வடிவாய் நின்றார் என்பதே திருவண்ணாமலைத் தலபுராணம் என்பதால், அங்கே தெய்வத்துக்காக விளக்கு ஏற்றுவதில்லை, விளக்கையே தெய்வமாக வணங்குகிறார்கள்.

இவ்விழாவின் தொன்மையும் கவனிக்கத்தக்கது. மழை ஓய்ந்த வானில் நிறைமதி 'அறுமீன்' எனப்படும் கார்த்திகை மீன்களைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கிட்டு மாலை தொங்கவிட்டு ஊரார் கூடிக் கொண்டாடியதை அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் பாடுகிறார். அந்த வானக் கணக்கு இன்றும் மாறவில்லை. கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருக்க, அதற்கு நேர் எதிரே வரும் முழுநிலா கார்த்திகை மீன்களை ஒட்டியே நிற்கும், வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மயிலாப்பூரில் பூம்பாவையை விளித்துச் சம்பந்தர் பாடிய பதிகத்திலும் 'தொல்கார்த்திகை நாள்' என்றே வருகிறது. அவர் காலத்திலேயே அது பழைய விழா.

திருவண்ணாமலையில் விடியற்காலை ஏற்றப்படுவது பரணி தீபம். மாலை ஆறு மணியளவில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே சில நிமிடங்கள் காட்சி தரும் அர்த்தநாரீசுவரர் சந்நிதியிலிருந்து வெளிப்பட்டு ஆடி வரும் அந்த நேரத்தில், 2,668 அடி உயர மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஏற்றும் உரிமை மீனவர் சமூகத்தினரான பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. உச்சியில் சுடர் தெரிந்த பிறகே சுற்றுவட்டாரத்தில் வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். காடாத் துணித் திரியும் நெய்யுமாகப் பதினொரு நாள் எரிந்த பின் கொப்பரையில் சேரும் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டு அடியார்களுக்கு வழங்குவது வழக்கம்.

வீடுகளில் அகல் விளக்கு, பொரி உருண்டை, அப்பம். இவை எல்லோரும் அறிந்தவை. மறைந்து வருவது மாவலி சுற்றுவதுதான். காய்ந்த பனம்பூவைக் குழியில் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் கங்கு வைத்துக் கயிற்றால் தலைக்கு மேல் சுழற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். கடைப் பட்டாசை விட இதற்குத்தான் கார்த்திகையில் இடம் உண்டு என்று நான் பிடிவாதமாகவே சொல்வேன். பனை உள்ள ஊர்களில் இன்னும் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோயில் வாசலில் பனை மரத்தை நட்டு, ஓலை வேய்ந்து கொளுத்தும் சொக்கப்பனையும் இதே இரவுக்கு உரியதே.

நாள் குறித்து ஒன்று: திருவண்ணாமலையில் கார்த்திகை நட்சத்திரத்தை வைத்துத் தீபம் ஏற்றுகிறார்கள். திருமால் கோயில்களில் விஷ்ணு தீபம் வேறு கணக்கில் வருவதால், சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாட்களில் அமையும். நாட்காட்டியில் இரண்டு தேதிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அந்த மாலையில் ஏற்றுங்கள்.