டிகிரி இல்லாமலும் கெமிஸ்ட்ரி: நீங்க கேட்டதும் அக்கா சொன்னதும்

கேள்வி: அக்கா, ஸ்கூல் முடிச்சிட்டேன், மார்க் சுமார் தான். கெமிஸ்ட்ரி ரொம்ப பிடிக்கும், ஆனா மறுபடி மூணு நாலு வருஷம் பெஞ்சுல உக்காந்து தியரி படிக்கிற பொறுமை இல்ல. டிகிரி இல்லாம இந்த ஃபீல்டுக்குள்ள போக முடியுமா, இல்ல சும்மா ஆசைப்படுறேனா?

பதில்: தாராளமா போகலாம் தம்பி. ஒரு மருந்து கம்பெனியோ பெயின்ட் கம்பெனியோ எடுத்துக்கோ, உள்ள புதுசா ஏதோ கண்டுபிடிக்கிறவங்க கொஞ்ச பேரு தான், மத்தவங்க எல்லாம் சாம்பிள் எடுக்கிறவங்க, டெஸ்ட் பண்றவங்க, ரியாக்டர் ஓட்டுறவங்க, மீட்டரும் வால்வும் பாத்துக்கிறவங்க. இந்த வேலைகளுக்குன்னே தனியா பயிற்சி இருக்கு, பல நாட்டுல பயிற்சி நடக்கும்போதே கைல பணமும் வரும்.

ஜெர்மனில இத ரொம்ப சீரியஸா எடுத்துப்பாங்க. லேப் பக்கம் போறவங்களுக்கு கெமிலாபோரன்ட், ப்ளான்ட் பக்கம் போறவங்களுக்கு கெமிகான்ட், ரெண்டுமே மூன்றரை வருஷம், பெரும்பாலான நேரம் கம்பெனில, மிச்ச நேரம் தொழிற்பள்ளில. பரீட்சை நடத்துறது தொழில் வர்த்தக சபை, அதனால கம்பெனி மாறினாலும் அந்த சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு குறையாது. பிரிட்டன்ல லேப் டெக்னீஷியன் அப்ரென்டிஸ்ஷிப் லெவல் 3ல இருக்கு, வேலை பாத்துக்கிட்டே டிகிரியும் வாங்கற டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பும் இருக்கு. இந்தியால 1961 அப்ரென்டிஸ் சட்டத்துக்கு கீழ அட்டெண்டன்ட் ஆபரேட்டர், லேபரட்டரி அசிஸ்டன்ட், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், மெயின்டனன்ஸ் மெக்கானிக்னு கெமிக்கல் ப்ளான்ட்டுக்குன்னே நாலு ட்ரேடு இருக்கு, ஐடிஐ ஆளுங்க கிட்ட கேட்டா ஏஓசிபி, எல்ஏசிபின்னு சுருக்கமா சொல்லுவாங்க. 1973ல அந்த சட்டத்த திருத்தி டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்களையும் உள்ள சேத்தாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், தியரி பிடிக்காதுன்னு இந்தப் பக்கம் வந்தா ஏமாந்துடுவ. மோல் கணக்கு, செறிவு, யூனிட் மாத்தறது இதெல்லாம் இங்கயும் தினமும் வரும், என்ன, காலைல படிச்சத மத்தியானம் கையால செஞ்சு பாத்துடுவ.

கேள்வி: லேப் அப்ரென்டிஸா சேரச் சொல்றாங்க. ஆனா நாள் முழுக்க பாட்டில் கழுவ விடுவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்துறாங்க. உண்மையா அக்கா?

பதில்: ஆரம்பத்துல கண்ணாடி கழுவறது நிஜம் தான்மா, மறைக்க மாட்டேன். ஆனா அதுலயே விஷயம் இருக்கு. கழுவின பியூரெட்ல தண்ணி உள் சுவத்துல ஒரே படலமா இறங்கணும், அங்கங்க சொட்டு ஒட்டி நின்னா உள்ள எண்ணெய்ப்பசை இருக்குன்னு அர்த்தம், அதுல எடுக்கிற ரீடிங் அத்தனையும் கொஞ்சம் தள்ளி தான் வரும். பிபெட் நுனில கடைசியா நிக்கிற சொட்ட ஊதித் தள்ளக் கூடாது, பல்பு வச்ச வால்யூமெட்ரிக் பிபெட்ல அந்த சொட்ட விட்டுட்டு தான் அளவே குறிச்சிருப்பாங்க. ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல 20 டிகிரின்னு பொறிச்சிருக்கும், அப்போ தான் அடுப்புலேந்து இறக்கின சூடான கரைசல அதுல ஊத்தி கோடு வரைக்கும் நிரப்பினா ஆறினதும் கோட்டுக்கு கீழ போயிடும். பர்மாங்கனேட் மாதிரி அடர் நிறமா இருந்தா கரைசல் மேல வளைஞ்சு நிக்கிற பிறையோட அடி தெரியாது, அதனால மேல் விளிம்ப படிக்கணும். புஸ்தகத்துலயும் இதெல்லாம் ஒரு வரி இருக்கும் தான், ஆனா பக்கத்துல ஒரு சீனியர் நின்னு "ஏய், குனிஞ்சு கண்ண அந்த மட்டத்துக்கு கொண்டு வந்து பாரு"ன்னு நாலு தடவ சொன்னா தான் கைல பதியும்.

அடுத்து மெஷின். காலைல வந்ததும் தராச தெரிஞ்ச எடை வச்சு செக் பண்றது, பிஹெச் மீட்டர 4, 7, 10 பஃபர் வச்சு சரி பண்றது. அப்புறம் ஹெச்பிஎல்சி, கலவைல இருக்கிற பொருள்கள தனித்தனியா பிரிச்சு அளக்கிற மெஷின். சாம்பிள உள்ள இழுத்துட்டுப் போற திரவத்த, அதான் மொபைல் ஃபேஸ, 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, கரைஞ்சிருக்கிற காத்த எடுத்துட்டு தான் பம்புக்கு குடுக்கணும், இல்லன்னா பம்புல குமிழி மாட்டி ப்ரெஷர் ஆடும், ஸ்க்ரீன்ல நேரா வர வேண்டிய பேஸ்லைன் கோடும் ஆடும், நீ உக்காந்து சாம்பிள குறை சொல்லிட்டு இருப்ப. பொருள்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்க கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன், 1935ல அவர் வெளியிட்ட முறை தான், இன்னைக்கும் மருந்து லேப்ல அது இல்லாம நாள் ஓடாது.

இதெல்லாத்தையும் விட பெரிய பாடம் எழுதி வைக்கிறது. தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடக் கூடாது, அடிச்சு கிறுக்கக் கூடாது, ஒரே கோடு போட்டு, பழைய நம்பர் தெரியற மாதிரி விட்டு, பக்கத்துல சரியானத எழுதி கையெழுத்தும் தேதியும் போடணும். ரிசல்ட் ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லன்னா சத்தமில்லாம பாஸ் ஆகற வரைக்கும் திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணக் கூடாது, அப்படியே சொல்லணும், ஏன் வந்துச்சுன்னு விசாரணை நடக்கணும். முதல் வாரத்துலயே "அந்த ரீடிங்க விடு, இன்னொண்ணு எடுத்துப் போடு"ன்னு சொல்லித் தர லேபா இருந்தா அங்க நீ கத்துக்கிறது வேற எங்கயும் உதவாது, உதவாததோட கெடுதலும் கூட.

அதனால பாட்டில் கழுவறாங்களான்னு கேக்காத. ஆறு மாசம் கழிச்சும் அதே சிங்க்ல நிக்கிறாங்களான்னு அங்க ஏற்கனவே இருக்கிற ஒரு அப்ரென்டிஸ் கிட்ட கேளு.

கேள்வி: மேடம், என் பையன் கெமிக்கல் ப்ளான்ட் ஆபரேட்டர் ட்ரெயினிங்குக்கு போறேன்னு நிக்கிறான். எனக்கு பயமா இருக்கு. போபால் நடந்த காலத்துல நான் சின்னப் பையன், பேப்பர்ல பாத்த படம் இன்னும் மறக்கல. விடலாமா?

பதில்: உங்க பயத்த தப்புன்னு சொல்ல மாட்டேன் அண்ணா. 1984 டிசம்பர்ல மெத்தில் ஐசோசயனேட்ங்கற விஷ வாயு கசிஞ்சப்போ, அதுக்கு முன்னாடியே அங்க ஆள குறைச்சிருந்தாங்க, பயிற்சியையும் குறைச்சிருந்தாங்கன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. அத வச்சு பாத்தா ஒழுங்கா பயிற்சி எடுத்த ஆபரேட்டர் ஒரு ப்ளான்ட்டுக்கு எவ்வளவு முக்கியம்னு புரியும். பையன் போறது அந்த வேலைக்கு தான்.

என்ன கத்துக் குடுப்பாங்கன்னா, முதல்ல சேஃப்டி டேட்டா ஷீட்ட, அதாவது ஒரு கெமிக்கலோட ஆபத்தும் பாதுகாப்பும் எழுதின தாள, படிக்க. உலகம் பூரா பொதுவான முறைப்படி அதுல 16 பகுதி இருக்கும், முதலுதவி ஒரு பகுதி, தீ ஒரு பகுதி, சேமிப்பு ஒரு பகுதின்னு. அப்புறம் வொர்க் பர்மிட், அதாவது ஆபத்தான வேலைக்கு முன்னாடி எழுத்துல வாங்கற அனுமதி, டேங்க்குக்குள்ள இறங்கற வேலைனா ஆக்சிஜன் அளக்காம யாரும் கால வைக்கக் கூடாது, ஏன்னா உள்ள நைட்ரஜன் நிறைஞ்சிருந்தா அதுக்கு வாசனையே கிடையாது, மூச்சு முட்டற உணர்வு கூட வராம ஆள் விழுந்துடுவாங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு ஏறினா மூக்கே மரத்துப் போய் நாத்தம் தெரியாது, வாசனை போயிடுச்சு ஆபத்து போயிடுச்சுன்னு நினைச்சவங்க நிறைய பேரு திரும்பி வரல.

இதுக்கப்புறம் தான் கன்ட்ரோல் ரூம், ஸ்க்ரீன் பாக்கறது, ரவுண்ட்ஸ் போறது. நல்ல ஆபரேட்டர் காதாலயும் வேலை பாப்பார், பம்பு உள்ள ஜல்லி உருளற மாதிரி சத்தம் கேட்டாலே உறிஞ்சற பக்கம் ப்ரெஷர் பத்தல, உள்ள ஆவி குமிழி உடையுதுன்னு மீட்டர பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவார்.

நீங்க நேர்ல போய் கேக்க வேண்டியது, பையன் எந்த சீனியரோட கூட நிப்பான், அவர் லீவுன்னா யாரு, பாதுகாப்பு பயிற்சி முடியறதுக்கு முன்னாடி ப்ளான்ட்டுக்குள்ள விடுவாங்களா, கடைசியா எப்போ எமர்ஜென்சி ட்ரில் நடந்துச்சு. வயசு 18 ஆகலைன்னா நைட் ஷிஃப்ட் பல நாட்டுல சட்டப்படியே கூடாது, இந்தியாலயும் தான். இந்த கேள்விக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தாங்கன்னா வேற இடம் பாருங்க.

கேள்வி: டெக்னீஷியனா சேந்துட்டா கடைசி வரைக்கும் டெக்னீஷியன் தானா? மேல போக வழியே இல்லயா?

பதில்: இந்த கேள்விக்கு எல்லாரும் ஃபாரடே கதைய எடுத்து விடுவாங்க. புஸ்தகம் பைண்ட் பண்ற கடைல அப்ரென்டிஸா இருந்தவர், 1813ல ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல லேப் அசிஸ்டன்ட்டா சேந்தார், 1825ல பென்சீன பிரிச்சு எடுத்தார். குளோரின தயாரிச்ச ஷீலே கூட மருந்துக்கடை அப்ரென்டிஸ் தான். எல்லாம் உண்மை, ஆனா 200 வருஷத்துக்கு முன்னாடி நடந்தத வச்சு இன்னைக்கு உனக்கு ப்ரொமோஷன் யாரும் தர மாட்டாங்க. கொஞ்சம் பக்கத்துல வரணும்னா கோயிச்சி தனாகா. ஜப்பான்ல இன்ஸ்ட்ருமென்ட் செய்யற ஷிமாட்சு கம்பெனில எஞ்சினியர், டாக்டரேட் கிடையாது, 2002ல கெமிஸ்ட்ரி நோபல்ல பங்கு வாங்கினார். அவரும் டிகிரி முடிச்சவர் தான், அதனால உன் கேஸுக்கு முழுசா பொருந்தாது.

நிஜமான ஏணி எப்படின்னா, ஜெர்மனில கெமிகான்ட் முடிச்சு சில வருஷம் வேலை பாத்தா மைஸ்டர்ங்கற மேல்நிலை தொழில் தகுதிக்கு பரீட்சை எழுதலாம், அந்த நாட்டு தகுதி வரிசைல மைஸ்டரும் பேச்சலர் டிகிரியும் ஒரே 6ஆம் படில தான் நிக்குது. இந்தியால டிப்ளமோ முடிச்சவங்க பி.ஈ, பி.டெக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், ஐடிஐலேந்து டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துக்கும் வழி இருக்கு. பிரிட்டன்ல பதிவு பெற்ற சயின்ஸ் டெக்னீஷியன்னு ஒரு தொழில் பட்டமே இருக்கு, ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி மூலமா அதுக்கு அப்ளை பண்ணலாம்.

எங்க சுவரு இருக்குன்னும் சொல்லணும்ல. புது மூலக்கூறு டிசைன் பண்ற டீமுக்கு தலைமை தாங்கணும்னா பெரும்பாலும் பிஹெச்டி கேப்பாங்க, அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அந்த கதவு லேசுல திறக்காது. ஆனா க்யூசி (தரக் கட்டுப்பாடு) சூப்பர்வைசர், ஷிஃப்ட் இன்சார்ஜ், மெத்தட் வேலிடேஷன் (டெஸ்ட் முறை சரியா இருக்கான்னு நிரூபிக்கிறது), இன்ஸ்ட்ருமென்ட் சர்வீஸ், சேஃப்டி ஆஃபீசர், இந்தப் பக்கமெல்லாம் கீழேந்து வந்தவங்கள நிறைய பாத்திருக்கேன், அதுலயும் இன்ஸ்ட்ருமென்ட் சர்வீஸ் ஆளுங்கள யாரும் ஏனோ கண்டுக்கிறதே இல்ல. மெஷின் நின்னு போன அன்னைக்கு அவங்களுக்கு கிடைக்கிற மரியாதைய பாக்கணும்!

கேள்வி: அப்ரென்டிஸ்னு சேத்துக்கிட்டு மூட்டை தூக்க விடறாங்க. எட்டு மாசமா ஒரு டெஸ்ட் கூட சொல்லித் தரல. யார் கிட்ட போறது?

பதில்: முதல்ல உன் ஒப்பந்தத்த எடுத்துப் பாரு. ஒப்பந்தமே இல்லன்னா நீ அப்ரென்டிஸே கிடையாது, குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை பாக்கற ஆள், அவ்வளவு தான். இந்தியான்னா அந்த ஒப்பந்தம் அரசு போர்ட்டல்ல பதிவாகி இருக்கணும், என்ன ட்ரேடு, எத்தன மாசம், எவ்வளவு ஸ்டைபண்டுன்னு அதுல இருக்கும், ஒவ்வொரு ட்ரேடுக்கும் என்ன சொல்லித் தரணும்னு சிலபஸும் இருக்கு. அந்த சிலபஸ ப்ரின்ட் எடுத்துக்கோ, செஞ்சது எது செய்யாதது எதுன்னு தேதியோட டிக் பண்ணு. அத கொண்டு போய் ட்ரெயினிங் இன்சார்ஜ் கிட்ட மரியாதையா காட்டு, வாயால புலம்பினா நகராதவங்க கூட பேப்பர பாத்தா கொஞ்சம் நகருவாங்க. அப்பவும் ஒண்ணும் ஆகலைன்னா அப்ரென்டிஸ்ஷிப் அட்வைசர்னு சட்டத்துலயே ஒரு அதிகாரி இருக்கார், அவருக்கு எழுத்துல புகார் குடு.

சட்டப்படி அப்ரென்டிஸ் பயிற்சி எடுக்கிறவர் தான், தொழிலாளி கணக்குல வர மாட்டார், அதனால மத்த தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் உனக்கு பொருந்தாது. ஆனா பாதுகாப்பு, உடல்நலம் சம்பந்தப்பட்டது பொருந்தும், மாஸ்க், கையுறை தரலைன்னா கேக்க உனக்கு உரிமை இருக்கு. முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, "கன்ஃபார்ம் பண்ணிடுவோம்"னு வாய் வார்த்தைய நம்பி இன்னொரு வருஷம் மூட்டை தூக்காத.

கேள்வி: எனக்கு சிவப்பு பச்சை நிறம் சரியா பிரிச்சு தெரியாது. லேப் வேலை கனவு தானா?

பதில்: அணுக் கொள்கை சொன்ன டால்டனுக்கே அந்த பிரச்சனை இருந்துச்சுப்பா, 1794ல அத பத்தி கட்டுரையே படிச்சார், ரொம்ப காலம் நிறக்குருட்டுக்கு அவர் பேர தான் சொன்னாங்க. இண்டிகேட்டர் நிறம் பாத்து முடிக்கிற டைட்ரேஷன் உனக்கு கஷ்டம், ஆனா எலெக்ட்ரோடு வச்சு பண்ற ஆட்டோ டைட்ரேட்டர் நம்பர் தான் காட்டும். ப்ளான்ட்ல பைப் நிறம், அலாரம் விளக்கு, ஒயர் எல்லாம் நிறத்த வச்சு ஓடுது, அங்க மெடிக்கல்ல நிறுத்த வாய்ப்பு உண்டு. சேரறதுக்கு முன்னாடியே சொல்லிடு, மறைச்சு சேந்து நடுவுல தெரிஞ்சா சிக்கல்.

கேள்வி: அப்ரென்டிஸ் இன்டர்வியூல என்ன கேப்பாங்க அக்கா? ஒரே ஒரு உதாரணம் குடுங்க.

பதில்: கரைசல் தயாரிக்கிற கணக்கு கட்டாயம் வரும். "37 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் குடுத்திருக்கேன், 1 மோலார் ஒரு லிட்டர் வேணும், எப்படி பண்ணுவ?"ன்னு கேட்டா, அந்த ஆசிட் ஏறக்குறைய 12 மோலார், 1000ஐ 12ஆல வகுத்தா சுமார் 83 மில்லி. இதோட நிறுத்தினா பாதி மார்க் தான். புகைய வெளிய இழுக்கிற ஃப்யூம் ஹுட்டுக்குள்ள, கண்ணாடி, கையுறை போட்டு, முதல்ல ஃப்ளாஸ்க்ல தண்ணி எடுத்துக்கிட்டு அதுல ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா சேப்பேன், ஆற விட்டு கோடு வரைக்கும் நிரப்புவேன், பாட்டில்ல இருக்கிறது சரியா 12ன்னு நம்ப முடியாது அதனால சோடியம் கார்பனேட் வச்சு ஸ்டாண்டர்டைஸ் பண்ணி சரியான செறிவ கண்டுபிடிப்பேன், லேபிள்ல பேர், செறிவு, தேதி, என் கையெழுத்து போடுவேன்னு வரிசையா சொல்லு. லேபிள் வரைக்கும் தானா சொல்றவங்க ரொம்ப கம்மி.