இலை உதிர்க்கும் சாபா பெகோனியா: என்ன செய்யலாம்?

கேள்வி: நர்சரியில் பெகோனியா ஆம்ஃபியோக்சஸ் செடி ஒன்று வாங்கி, ஏசி ஓடும் ஹாலில் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. சுண்ணாம்புக் குன்றில் வளரும் செடியாமே, எங்கள் ஊர்க் குன்றிலிருந்து கல் எடுத்துவந்து தொட்டியில் போடலாமா? – ஈப்போ வாசகர்

பதில்: கல் வேண்டாம். உங்கள் செடியை வாட்டுவது ஏசியும் தினசரித் தண்ணீரும்தான்.

இது போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சாபாவின் உட்பகுதியில், பத்து புங்குல் போன்ற சுண்ணாம்புக் குன்றுகளைச் சேர்ந்த செடி. இலையின் இரு முனையும் கூராக, சிவப்புப் புள்ளியோடு இருக்கும் இந்த அழகான இனத்தை 1990-இல்தான் தாவரவியலாளர் மார்ட்டின் சாண்ட்ஸ் முறையாக விவரித்துப் பெயரிட்டார். பாறை இடுக்கில் கொஞ்சம் இலைமக்குதான் இருக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. வேர் நனையும், ஊறாது. ஆனால் சுற்றிலும் காட்டு நிழல், காற்றில் எப்போதும் ஈரம். உங்கள் ஹாலில் எல்லாம் தலைகீழ்: காற்று உலர்ந்திருக்கிறது, மண் சொதசொதவென்று கிடக்கிறது. காற்று வறண்டால் இந்தச் செடி இலையை உதிர்த்துவிடும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

முதலில் செடியை மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்திருப்பதை வெட்டிவிடுங்கள். ஸ்ஃபாக்னம் பாசியும் (நர்சரியில் கிடைக்கும் உலர்ந்த பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து, வேருக்கு மட்டும் இடம் தரும் சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அப்புறம் தொட்டியோடு மூடியுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவும் போதும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகவே ஆகாது. மூடிய பெட்டி வெயிலில் சீக்கிரமே கொதித்துவிடும். பாசியின் மேல்பகுதி லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மூடியை அவ்வப்போது திறந்து காற்று விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வரும்.

சுண்ணாம்புச் சத்து தர ஆசையென்றால் டோலமைட் தூள் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல் பொடி) ஒரு சிட்டிகை போதும். அதுகூட இல்லாமலே நன்றாக வளரும். குன்றை மட்டும் தொடாதீர்கள். உங்கள் ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகளிலும் வேறெங்கும் இல்லாத செடிகள் பாறை இடுக்குகளில் இருக்கின்றன. கல்லுடைப்பில் அவை இழந்தது ஏற்கெனவே அதிகம்.

தண்டு இன்னும் உறுதியாக இருந்தால் இன்றே இரண்டு கணுவுள்ள துண்டு ஒன்றை வெட்டி, ஈரப் பாசியில் செருகி அதே பெட்டியில் வையுங்கள். தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் அந்தத் துண்டு வேர்விட நல்ல வாய்ப்பு உண்டு.