கோல்ட் பிஷ் கூட சக்கரும் டைகர் பார்பும் விடலாமா? கிணத்து உறைல தொட்டி கட்டினா சரியா வருமா?

கேள்வி: ஐயா வணக்கம், எங்களுக்கு செய்யாறு பக்கம், மாடு வச்சிருக்கோம். பொண்ணு ஆசைப்பட்டுச்சுன்னு சென்னை கொளத்தூர் மீன் கடைக்கு போனப்ப 2 அடி கண்ணாடி தொட்டி, 5 கோல்ட் பிஷ், அதோட கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருக்குற சக்கர் மீன் 1, வரி வரியா இருக்குற டைகர் பார்ப் மீன் 4 வாங்கிட்டு வந்தேன். 2 மாசத்துல 2 கோல்ட் பிஷ் செத்துடுச்சு. மிச்சம் கோல்ட் பிஷ்ல தலை மட்டும் சிவப்பா இருக்குற ரெட் கேப் ஒன்னு, கருப்பா முட்டைக்கண்ணோட இருக்குற பிளாக் மூர் ஒன்னு, சாதா நீட்டு மீன் ஒன்னு இருக்கு. ரெட் கேப்புக்கு வால் கிழிஞ்சிருக்கு, மூருக்கு விலாவுல தோல் உரிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு, காலையில மூனும் மேல வந்து வாய வாய பிளக்குது. நைட்டு ஏர் மோட்டார ஆஃப் பண்ணிடுவோம். பின்னாடி 3 அடி அகல கிணத்து உறை ரெண்டு சும்மா கெடக்கு, அதுல தொட்டி கட்டி எல்லாத்தையும் விட்டுடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. இன்னைக்கு நைட்டுல இருந்தே மோட்டார ஆஃப் பண்ணாதீங்க, முதல்ல இத செய்ங்க. 5 வாட் மோட்டார் மாசம் பூரா ஓடினாலும் 4 யூனிட்டு கூட வராது. மேல வந்து வாய் பிளக்குறது மூச்சு திணறல்தான், காத்து ஒரு பக்கம் பத்தல, இன்னொரு பக்கம் மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியாங்குற விஷம் தண்ணில ஏறி செவுள அரிச்சிருக்கும். கோல்ட் பிஷ்ஷுக்கு இரைப்பைன்னு தனியா ஒன்னு கெடையாது, தின்னது நேரா குடலுக்கு போயி வந்துகிட்டே இருக்கும், அதனால மத்த சின்ன மீனெல்லாம் விட தண்ணிய சீக்கிரம் கெடுக்கும். உங்க 2 அடி தொட்டி, 2க்கு 1க்கு 1 அடின்னா மொத்தமே 56 லிட்டர். அதுல 10 மீன விட்டா 10 மாட்ட ஒரு மாடு கட்டுற எடத்துல கட்டின மாதிரி, மீன் மேல தப்பே இல்ல.

வால் கிழிஞ்சது டைகர் பார்ப் வேலைதான், அதுக்கு நீளமா ஆடுற வாலக் கண்டா கொத்தாம இருக்க முடியாது, அதுலயும் 4 பேர்னா தங்களுக்குள்ள தொரத்துறது போதாம அடுத்தவன கொத்தும். விலாவுல வெள்ளை பெரும்பாலும் சக்கர். ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம் மெதுவா நீந்துற மீன் மேல ஒட்டி மேல்தோல்ல இருக்குற வழுவழுப்ப உறிஞ்சும், மூருக்கு கண்ணும் சரியா தெரியாது, பாவம் அது தப்பிக்கவே முடியாது. தொட்டிய சுத்தம் பண்ணும்னு சொல்லித்தான் சக்கர விக்கிறாங்க, ஆனா அதுவே ஒரு அடிக்கு மேல வளர்ந்து நெறைய கழிவு போடும். அத வாங்கின கடைக்கே குடுத்துடுங்க. தயவு செஞ்சு ஏரி, குளம், கெணத்துல விட்டுடாதீங்க தம்பி, நம்ம ஊரு நீர்நிலைல ஏற்கனவே அது பெருகி வலை போடுறவங்களுக்கு பெரிய தொல்லையா இருக்கு.

உறைத் தொட்டி நல்ல யோசனை, கண்ணாடி தொட்டிய விட எனக்கு அதுதான் புடிக்கும். ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு அடி பூசி ஒன்றரை அடி தண்ணி நிறுத்தினா 300 லிட்டர் வரும், மூருக்கும் ரெட் கேப்புக்கும் தாராளம், பின்னாடி அதுங்கள மாதிரியே இன்னும் ரெண்டு உருண்டை உடம்பு கோல்ட் பிஷ் சேர்த்துக்கலாம். உள்பக்கம் நல்லா வழவழன்னு பூசணும், ஜல்லி முனை நீட்டிட்டு இருந்தா மூரோட முட்டைக்கண்ணு கிழிஞ்சிடும். அப்புறம் அவசரப்படாதீங்க, புது சிமெண்ட்டுல சுண்ணாம்பு எறங்கி தண்ணி காரமாகும், வாழைத்தண்ட துண்டு துண்டா வெட்டிப் போட்டு ஊறவச்சு தண்ணிய மாத்தி மாத்தி ஊத்தி ஒரு 2, 3 வாரம் விடுங்க. அதுக்கப்புறம் இப்ப ஏர் மோட்டார்ல ஓடுற ஸ்பான்ஜ் பில்டர, அதாவது தண்ணிய சுத்தம் பண்ற பஞ்ச, அப்படியே தூக்கி அதுல வைங்க, குழாயில கழுவாதீங்க, அதுல இருக்குற நல்ல பாக்டீரியாதான் அமோனியாவ மாத்துது, புதுசா அது உருவாக 4லருந்து 6 வாரம் ஆகும்.

எடம் முக்கியம். உங்க பக்கம் சித்திரைல 40 டிகிரி அடிக்குது, கோல்ட் பிஷ் குளிர்ந்த தண்ணி மீன், தண்ணி சூடானா அதுல காத்தும் கொறையும். காலை வெயில் ரெண்டு மணி நேரம் பட்டா போதும், மதியம் நெழல் இருக்கணும். மேல வலை கட்டாயம், மீன்கொத்தி ஒரு தடவ பாத்துட்டா தினமும் வரும்.

எல்லாத்தையும் ஒன்னா விடலாமான்னு கேட்டீங்கல்ல, வேணாம். அந்த சாதா நீட்டு மீன் காமெட்ங்குற வகையா இருக்கும், கோல்ட் பிஷ்தான் ஆனா ஓட்டக்காரன், தீனி போட்டா மூரு மோந்து பாக்குறதுக்குள்ள முடிச்சிடும், ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும். அதுக்கு தனியா இன்னொரு தொட்டி கட்டுங்க, துணைக்கு இன்னொரு காமெட் விடுங்க. அதுவரைக்கும் அது ஒரு மூலைல தின்னும்போது மத்த ரெண்டுக்கும் எதிர் மூலைல முங்குற தீனிய போடுங்க. உருண்டைக்கு உருண்டை, நீட்டுக்கு நீட்டு, இத விட நல்ல ஜோடி கெடையாது. பாப்பாவுக்கு சின்ன மீனும் வேணும்னா ஜீப்ரா டேனியோ 6, 8 விடலாம், வேகமா ஓடி தப்பிச்சுக்கும். கப்பி விட்டா கோல்ட் பிஷ் வளர வளர முழுங்கிடும். டைகர் பார்ப் கண்ணாடி தொட்டிலயே இருக்கட்டும், இன்னும் நாலு வாங்கி விட்டீங்கன்னா அதுங்களுக்குள்ளயே வெளையாடிக்கும்.

இப்போதைக்கு மூனு கோல்ட் பிஷ்ஷையும் ஒரு பெரிய டப்புக்கு மாத்துங்க, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைச்சு விட்டு, ஏர் போட்டு, 2 நாளைக்கு தீனி நிறுத்துங்க, டப்புல பாக்டீரியா இல்லங்கறதால தினமும் பாதி தண்ணி மாத்தணும், மாத்துற அளவுக்கு மட்டும் உப்பு சேருங்க. வால் ஓரத்துல புது தோல் கண்ணாடி மாதிரி வளர ஆரம்பிச்சா சரியாகுதுன்னு அர்த்தம். மாடுகளுக்கு தண்ணில மெதக்குற அசோலா செடி வளர்த்தீங்கன்னா, தீனி திரும்ப ஆரம்பிச்சப்புறம் அதுல ஒரு கைப்பிடி போடுங்க, விரும்பி தின்னும். தொட்டி ரெடியானதும் வாரம் மூனுல ஒரு பங்கு தண்ணி மாத்தி, அந்த தண்ணிய கருவேப்பிலைக்கு ஊத்துங்க. போர் தண்ணின்னா ஒரு நாள் தொட்டில நிறுத்தி வச்சு ஊத்தினா போதும்.