வங்கி ஆடிட் வேலைக்கு 5,000 வெள்ளி சரியான சம்பளமா?

கேள்வி: சார், எனக்கு வயது 27. செந்தூலில் பெற்றோருடன் இருக்கிறேன். ஏ.சி.சி.ஏ. கணக்காளர் தேர்வு முடித்துவிட்டு ஒரு நடுத்தர ஆடிட் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் மாதம் 4,200 வெள்ளி (ரிங்கிட்). இப்போது கோலாலம்பூரில் ஒரு வங்கியின் உள்தணிக்கைப் பிரிவில் 5,000 வெள்ளிக்கு அழைக்கிறார்கள். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது, கடிதம் அடுத்த வாரம் வருமாம். அப்பா “பேங்க் வேலைம்மா, யோசிக்காதே” என்கிறார். ஆனால் என்னோடு படித்த ஒருவர் இதே வேலைக்கு வேறொரு வங்கியில் 6,300 வாங்குகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்கி உள்தணிக்கையாளர்கள் உண்மையில் எவ்வளவுதான் சம்பாதிக்கிறார்கள்? நான் ஏமாறுகிறேனா?

பதில்: முதலில் நன்றாகத் தூங்குங்கள். அந்த 6,300 உண்மையாகவே இருக்கலாம். அதற்காக உங்கள் 5,000 ஏமாற்று ஆகிவிடாது. இரண்டு பேருடைய பெயர் அட்டையிலும் ‘இன்டர்னல் ஆடிட்டர்’ என்றே இருக்கும். ஆனால் வங்கி சம்பளம் கொடுப்பது அந்தப் பெயருக்கு அல்ல, கிரேடுக்கு, அதாவது பதவிப் படிநிலைக்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எண்களைக் கேட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேல் வங்கித் தணிக்கையில் இருந்தவன், இப்போதும் தம்பி தங்கைகள் கொண்டுவரும் சலுகைக் கடிதங்களைப் படித்துச் சொல்பவன் என்ற முறையில் என் கணிப்பு இது. கோலாலம்பூரில் பட்டம் முடித்து நேராக உள்தணிக்கைக்கு வருபவருக்கு மாதம் 3,000 முதல் 4,000 வெள்ளி. உங்களைப்போல் வெளியே இரண்டு, மூன்று வருடம் ஆடிட் செய்துவிட்டு வருபவருக்கு 4,500 முதல் 6,500 வரை. உதவி மேலாளர், மேலாளர் என்று போனால் 6,500இல் தொடங்கி 10,000ஐத் தொடும். அதற்கு மேலே சீனியர் மேலாளருக்கு 10,000 முதல் 16,000. பிரிவின் தலைவர் 25,000க்கு மேல், பெரிய வங்கி என்றால் அதையும் நன்றாகத் தாண்டி வாங்குவார். அந்த நாற்காலி வங்கிக்கு ஒன்றுதான், அதனால் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆக, நீங்களும் உங்கள் நண்பரும் ஒரே அடுக்கில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் அடியில், அவர் உச்சியில். பட்டப்பெயர்களை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு வங்கியில் ‘வைஸ் பிரசிடென்ட்’ என்பவர் இன்னொரு வங்கியில் சாதாரண சீனியர் மேலாளர். கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள அழகான பட்டம்தான், கையில் வருவது ஒன்றே.

சரி, என் கதை. நான் முதல் வங்கியில் சேர்ந்தபோது மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கிரேடு என்று ஒரு வரி கடிதத்தில் இருந்தது, அதைப் படிக்கவே இல்லை. ஆறு வருடம் கழித்து, எனக்கு இரண்டு வருடம் இளையவர் ஒருவர் பக்கத்து மேசைக்கு வந்தார். சம்பளம் என்னைவிட ஐந்நூறுதான் அதிகம், ஆனால் கிரேடு ஒன்று மேலே. மருத்துவ வரம்பு, வெளியூர்ப் படி, கார் கடன், போனஸ் கணக்கு எல்லாமே அவருக்கு வேறு பட்டியல். ஒவ்வொரு வருடமும் சம்பள உயர்வு விழுக்காட்டில் வருவதால் அந்த ஐந்நூறு தானாகவே பெருகிக்கொண்டும் போனது. மனிதவளப் பிரிவில் கேட்டேன். “நீங்கள் சேர்ந்த கிரேடு அது” என்றார்கள். பதில் அவ்வளவுதான். உள்ளே போன பிறகு ஒரு கிரேடு ஏற மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். வெளியே நின்று கேட்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும்.

ஆகவே உங்கள் பேரத்தை 5,000 என்ற எண்ணில் தொடங்காதீர்கள். அந்த எண்ணிலேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சட்டப்படி 5,000 வெள்ளி வரை வாங்குபவருக்கு முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு போட வேண்டும். அதைத் தாண்டினால் 12 விழுக்காடு போதும். 5,000க்கு முதலாளி போடுவது 650 வெள்ளி. 5,100 ஆனால் 612. நூறு வெள்ளி கூட்டிக் கேட்டு ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும்போது 38 வெள்ளி பின்வாசல் வழியாகப் போய்விடும். கேட்டால் 5,500, 5,800 என்று கேளுங்கள், நூறுக்காக வாயைத் திறக்க வேண்டாம். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகச் சேமநிதி போடும் வங்கிகளும் உண்டு. 15 விழுக்காடு என்றால் 5,000க்கு மாதம் 750, வருடத்துக்கு 1,200 வெள்ளி அதிகம். விளம்பரத்தில் இது இருக்காது, நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

கைக்கு வருவது எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 5,000இல் உங்கள் பங்குச் சேமநிதி 11 விழுக்காடு, 550 வெள்ளி. சொக்சோ சமூகப் பாதுகாப்புக்கும் வேலை காப்புறுதிக்கும் சில பத்து வெள்ளி. திருமணமாகாதவர் என்பதால் தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000 மட்டும் போட்டுப் பார்த்தால் வருமான வரி மாதத்துக்கு ஏறத்தாழ 110 வெள்ளி பிடிப்பார்கள். மீதி 4,300 சொச்சம். இன்றைய 4,200க்கு இதே கணக்கைப் போட்டால் 3,650 அளவில் வரும். வித்தியாசம் 650 வெள்ளி. அலுவலகம் டி.ஆர்.எக்ஸ். நிதி வட்டாரத்தின் பக்கம் என்றால் செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறி, தித்திவங்சாவில் எம்.ஆர்.டி. மாறிப் போய்விடலாம். மாதம் 50 வெள்ளிப் பயண அட்டை போதும். காரில்தான் போவேன் என்றால் அந்த 650இல் பாதியைப் பார்க்கிங் தின்றுவிடும்.

ஓவர்டைம் பற்றியும் கேட்கிறார்கள் பலர். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைச் சட்டம் எல்லா ஊழியருக்கும் பொருந்தும். ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் அந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். ஆடிட் நிறுவனத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை எத்தனை இரவு வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். வங்கியிலும் அறிக்கை முடியும் வாரம் நேரமாகும், ஆனால் வருடம் முழுக்க அப்படி இருக்காது. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் உண்மையான சம்பள உயர்வு அங்கேதான் இருக்கிறது.

போனஸில் மட்டும் பெரிய ஆசை வைக்காதீர்கள். வங்கியில் மூன்று வரிசை உண்டு. கடன் கொடுத்து வியாபாரம் பிடிப்பவர்கள் முதல் வரிசை. ஆபத்தையும் விதிமுறையையும் கண்காணிக்கும் ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் பிரிவுகள் இரண்டாவது. நாம் மூன்றாவது, முதல் இரண்டையும் சோதிப்பவர்கள். நாம் சோதிக்கும் பிரிவின் லாபத்தை வைத்து நமக்குப் போனஸ் கணக்கிட்டால் அந்தப் பிரிவின் ஓட்டையை நாம் ஏன் எழுதப் போகிறோம்? 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு உலக அளவில் இதையும் பிடித்தார்கள். பாசல் வங்கி மேற்பார்வைக் குழு 2012 ஜூனில் வெளியிட்ட உள்தணிக்கை வழிகாட்டியும் இதைச் சொல்கிறது, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் கட்டுப்பாட்டுப் பிரிவுகளின் சம்பளம் வியாபாரப் பிரிவின் கையில் இருக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் தணிக்கைத் தலைவர் இயக்குநர் குழுவின் ஆடிட் கமிட்டிக்குப் பதில் சொல்கிறார். விளைவு என்ன? கடன் விற்கும் உங்கள் வயதுப் பையன் நல்ல வருடத்தில் வாங்கும் போனஸ் உங்களுக்கு வராது. கெட்ட வருடத்தில் அவனுக்கு விழும் அடியும் அவ்வளவு பலமாக விழாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சூதாட்ட மனம் உள்ளவர்களுக்குப் பிடிக்காது.

போனஸ் எப்போது வரும் என்பதும் முக்கியம். மேபேங்க், சி.ஐ.எம்.பி., பப்ளிக் பேங்க், ஆர்.எச்.பி. ஆகியவற்றுக்கு நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. ஹொங் லியோங் வங்கிக்கு ஜூன், ஏம்பேங்குக்கு மார்ச். எந்த மாதம் சேர்ந்தால் முதல் வருடப் போனஸ் எந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள். இப்போதைய நிறுவனத்தில் உங்களுக்கு வரவேண்டிய போனஸ் கைக்கு வரும் முன்பே நோட்டீஸ் கொடுத்தால் அது போய்விடுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் தெரியாத பெரிய தொகை ஊழியர் வீட்டுக் கடன். வெளியார் கட்டும் வட்டியைவிடக் குறைந்த விகிதத்தில் பல வங்கிகள் கொடுக்கின்றன. 4 லட்சம் வெள்ளிக் கடனில் வட்டி 1 விழுக்காடு குறைந்தால் முதல் வருடம் மட்டும் ஏறத்தாழ 4,000 வெள்ளி மிச்சம். மாதம் 330 வெள்ளி சம்பளம் கூடியதற்குச் சமம். வீடு, கார், கல்விக் கடன் எல்லாம் சேர்த்து 3 லட்சம் வரை இந்த வட்டிச் சலுகைக்கு வரியும் இல்லை. ஆனால் பெரும்பாலும் வேலை நிரந்தரமான பிறகுதான் கிடைக்கும். வேலையை விட்டால் சந்தை வட்டிக்கு மாறிவிடும். நல்ல வேலை வெளியே வந்தும் வீட்டுக் கடனை நினைத்து நகராமல் உட்கார்ந்துவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு இப்போது வீடு வாங்கும் எண்ணம் இல்லை என்றால் இதற்காகச் சம்பளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து, எந்த ஆடிட்? இதுதான் உங்கள் கேள்வியில் விட்டுப்போனது. கிளைத் தணிக்கை என்றால் காலை எட்டு மணிக்கு முன்பே யாருக்கும் சொல்லாமல் கிளை வாசலில் நிற்பீர்கள். இரண்டு சாவிக்காரர்கள் வந்து பெட்டகம் திறக்க, பணத்தை எண்ணுவதிலிருந்து நாள் தொடங்கும். மேலாளர் பாசத்தோடு தே தாரிக் வரவழைப்பார், நாசுக்காக மறுக்க வேண்டும். ஒரு வாரம் தைப்பிங், மறுவாரம் தாவாவ். வெளியூர்ப் படியும் செலவுக் கிளைமும் வரும், கோப்புகளைப் பார்த்தவுடன் பொய் வாசம் பிடிக்கும் மூக்கும் வளரும். ஆனால் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். கடன் தணிக்கை அதைவிட ஒரு படி மேல். கருவூலம், அதாவது டிரெஷரி பக்கம் இன்னும் மேல். இன்று எல்லாரும் ஆள் கிடைக்காமல் தேடுவது தகவல் தொழில்நுட்ப ஆடிட்டரை. பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப ஆபத்து மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகு வங்கிகளுக்கு வேறு வழியில்லை. இஸ்லாமிய வங்கிகளில் ஷரியா தணிக்கை தெரிந்தவருக்கும் இதேபோல் தேவை. உங்கள் நண்பரின் 6,300க்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் கணக்காளர், கணினிக்காரர் அல்ல. பரவாயில்லை. தரவுகளை எடுத்து அலசும் எஸ்.க்யூ.எல். போன்ற ஒன்றை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். முப்பது கோப்புகளை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பவரைவிட முப்பதாயிரம் கணக்கையும் ஒரே இரவில் ஓடவிட்டுப் பார்ப்பவருக்குத்தான் இனிமேல் மதிப்பு. தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மூன்று தாள் கொண்ட சி.ஐ.ஏ. என்ற உள்தணிக்கையாளர் தேர்வு நல்லது. கணினிப் பக்கம் போவதென்றால் சி.ஐ.எஸ்.ஏ. என்ற கணினித் தணிக்கைத் தேர்வு. கட்டணம் அமெரிக்க டாலரில் என்பதால் வங்கி திருப்பித் தருமா, தந்தால் எத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்டு போடுவார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே ஏ.சி.சி.ஏ. கையில் இருப்பதால் முதலில் மலேசியக் கணக்காளர் கழக உறுப்பினர் ஆவதற்கான வேலையை முடியுங்கள். மூன்று வருட அனுபவக் கடிதத்தை இப்போதைய நிறுவனத்தில் நல்ல முகத்தோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைந்தவர்கள் நிறைய பேர்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வங்கிக்குப் போவேன், ஆனால் இந்த 5,000க்கு அப்படியே தலையாட்ட மாட்டேன். கடிதம் வருவதற்குள் மனிதவள அதிகாரியை அழைத்து மூன்று விஷயம் கேட்பேன். எந்த கிரேடு, அந்தக் கிரேடின் சம்பள வரம்பு என்ன? சேமநிதியில் வங்கியின் பங்கு எத்தனை விழுக்காடு? முதல் இரண்டு வருடம் எந்தத் தணிக்கைக் குழு? பதிலைக் கேட்டுவிட்டு, “மூன்று வருட ஆடிட் அனுபவமும் ஏ.சி.சி.ஏ.வும் இருப்பதால் 5,800 எதிர்பார்த்தேன்” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பக்கம் அமைதியானதும் “இல்லை, 5,000 ஆனாலும் பரவாயில்லை” என்று தாங்களே இறங்கிவிடுவார்கள். அநேகமாக 5,400, 5,500இல் வந்து நிற்கும். சம்பளத்தைக் கூட்டவே மாட்டேன் என்றால் கிரேடை ஒன்று உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், கிளைக் குழுவுக்குப் பதிலாகக் கடன் அல்லது கணினிக் குழுவில் போடச் சொல்லி அதை மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள்.

கையெழுத்திட்ட கடிதம் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் மூச்சு விடாதீர்கள். வங்கிகள் பின்னணிச் சோதனை, கடன் பதிவுச் சோதனை எல்லாம் செய்யும். கிரெடிட் கார்டு, படிப்புக் கடன் பாக்கி ஏதாவது இருந்தால் இந்த வாரமே கட்டி முடித்துவிடுங்கள்.