மகனுக்கு அனுப்பிய வசனம்

ஐயா, எனக்கு 58 வயது, நாசரேத் பக்கம் ஊர். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம், கோயிலுக்குப் போவதில்லை. கேட்டால் ‘ஆண்டவர் மேல எனக்கு அன்பு இருக்கும்மா’ என்கிறான். அன்பிருந்தால் அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டாமா? ‘நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்று இயேசு சொன்ன யோவான் 14:15 வசனத்தை வாரா வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பதிலே கிடையாது. ராத்திரி போன் பண்ணி சுகர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதோடு சரி. நான் அப்படியா இருந்தேன்? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் தவறியதில்லை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலக் கூட்டம் ஒன்று விட்டதில்லை, அவன் அப்பாவை அடக்கம் பண்ணின வாரம்கூட ஆராதனைக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நாலு வருஷமாக முழங்கால் போட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை, வாய் மட்டும் ஓடுகிறது. அது கிடக்கட்டும், வயசாகிவிட்டது. இவனை எப்படிக் கோயிலுக்குப் போக வைப்பது? பெண்கள் சங்கத்தில் எல்லாரும் கேட்கிறார்கள்.

பதில்:

அம்மா, மகனை அப்புறம் பார்ப்போம். ‘அது கிடக்கட்டும்’ என்றீர்களே, அதைக் கிடக்க விட எனக்கு மனம் வரவில்லை.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைக்கிறார்; அங்கே மூத்தவனை நினைத்துப் பாருங்கள். ‘ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்’ எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று வீட்டுக்குள் வராமல் நிற்கிறான். தம்பி என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை, ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்கிறான். தம்பியைத்தான் திட்டுகிறான், ஆனால் வருத்தமெல்லாம் தகப்பன் மேல். உங்களுக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது: இவ்வளவு ஒழுங்காக இருந்தும் என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டீரே என்று ஆண்டவரிடம் கேட்கத் துணியாமல், மகனுக்கு வசனம் அனுப்புகிறீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

நீங்கள் அனுப்பும் அதே வசனம், வேதத்தின் இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘கைக்கொள்ளுங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘கடைப்பிடிப்பீர்கள்’ என்று இருக்கிறது. அன்பு இருந்தால் அது தன்னால் நடக்கும் என்கிற மாதிரி. அதைச் சொல்வதற்கு முன்பே அந்த ராத்திரியில் இயேசு சீஷர்களின் காலைக் கழுவித் துடைத்தாயிற்று, விடிவதற்குள் அவரைத் தெரியாது என்று மறுதலிக்கப் போகிற பேதுருவின் காலையும் சேர்த்து. மாத்திரை போட்டாச்சா என்று தினமும் கேட்கச் சொல்லி உங்கள் மகனுக்கு யார் கட்டளையிட்டது? கோயிலுக்குப் போகாதது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் அன்பே இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது.

இந்த வாரம் வசனம் அனுப்ப வேண்டாம். முழங்கால் போடும்போது 13-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள்: ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’. இப்படிக் கேட்பதும் ஜெபம்தான், வேதத்திலேயே இருக்கிறது. ராத்திரி மகன் கூப்பிட்டால், போட்டாச்சு என்று வைத்துவிடாமல், அப்பா போனதிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லைடா என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள்.